குழாய் நின்றுபோன தீபாவளி

தீபாவளிக்கு முந்தின வாரம் நம் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. உங்களில் யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை, போட்டவருக்குத் தெரியும். நாய் வளர்ப்பவர்கள் பட்டாசு நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள், ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்து விடுங்கள், டிவியைச் சத்தமாக வையுங்கள். எல்லாம் சரிதான். கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பயந்து நடுங்கும் நாயைத் தடவிக் கொடுக்காதீர்கள், பயம் இன்னும் கூடிவிடும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே நம்மவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

'அது தப்பு' என்று அடித்தேன். பிறகு அழித்துவிட்டேன். குழுவில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம், மீதிப் பேருக்குச் சர்க்கரை. இந்த வயதில் சண்டை போட்டு யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? ஆகவே பதிலைத் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். உங்களுக்கும் அப்படியென்ன வேலை, பேரப்பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து படியுங்கள்.

என் வீட்டில் இப்போது ஒரு நாய் இருக்கிறது. என்னுடையது இல்லை, மகனுடையது. மெல்பர்னுக்கு வேலைக்குப் போகும்போது, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்கம்மா, வீடு கெடச்சதும் கூட்டிக்கிறேன்" என்று சொல்லி விட்டுப்போனான். வீடு கிடைத்து, கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. நாய் இன்னும் என்னோடு இங்கே கிள்ளானில்தான் இருக்கிறது. என் கணவர் போனபிறகு இந்த வீட்டில் மூச்சுவிடும் சத்தம் என்றால் அதுவும் நானும்தான்.

போன சீனப் புத்தாண்டு வெடிச்சத்தத்துக்கு அது சலவை இயந்திரத்துக்குப் பின்னால் புகுந்துகொண்டு சோறுகூடத் தின்ன வரவில்லை. அதனால் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பெண், நம் பெண்தான். நாயின் காதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பட்டாசு சத்தம் கேட்டா நீங்க என்னா செய்வீங்க ஆன்டி?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்மா. கிட்டப் போக மாட்டேன். தொட்டா பயம் கூடிடும்ல."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். எங்கள் அத்தை சொன்னார். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் பழைய பேச்சு ஆன்டி. தடவிக் குடுத்தா பயம் கூடாது. ஒங்ககிட்ட வந்துச்சுன்னா மடியில வச்சுக்குங்க. எங்கயாச்சும் ஒளிஞ்சிருந்தா இழுக்காதீங்க, பக்கத்துல போய் ஒக்காருங்க. தனியா மட்டும் விட்டுடாதீங்க."

காருக்கு வந்தேன். நாயைப் பின் சீட்டில் ஏற்றினேன். சாவியைப் போட்டேன், வண்டியைக் கிளப்பவில்லை. பேரன் எடுத்த கிழவி, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டிக்கெட் எழுத வந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான்.

இனிமேல் வருவது, உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரிந்த கதை. உங்களுக்குத் தெரிந்த பாதி பொய் என்பதால்தான் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் நம் ரயில்வே வீடுகள் வரிசையாக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டில் சம்பல் தாளித்தால் அந்த வரிசை முழுக்கத் தும்மும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மறுநாள் காலையில் குழாயடியில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். என் அப்பா தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசனையும் மழையில் நனைந்த கட்டைகளின் தார் வாசனையும் இருக்கும்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அம்மா ரயில் பாதையோரத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தார். பழுப்பு நிறம், மூக்கு கறுப்பு, இடது காது கிழிந்திருக்கும். "இவளுக்குத்தான் தம்பி இல்லியே, இதுவே இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி அதற்குத் தம்பி என்றே பேர் வைத்துவிட்டார். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாயை அப்படிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. "டேய்" என்பார். அதற்கும் தம்பி வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும்.

அம்மாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சீனப் புத்தாண்டுக்கு மளிகைக்கடைச் சீன முதலாளி, நம் தவுக்கே, மாடியிலிருந்து தரைவரைக்கும் சிவப்புச் சரம் தொங்கவிடுவாரே, அதைப் பார்க்க நீங்கள் எல்லோரும் ஓடுவீர்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, "துணி தொவைக்கப் போறேன்" என்பார். நல்ல நாளில் சாயங்காலத்தில் என்ன துணி என்று அப்பாகூடக் கேட்டதில்லை. ஒரு கையில் என்னையும் மறு கையில் தம்பியின் கழுத்துக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவார்.

உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி. அதன் மேலே பித்தளைக் குழாய். அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, இரும்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். தம்பி அவர் கால்களுக்கு நடுவே, நான் அவர் முதுகில் சாய்ந்தபடி. முந்தானையை நாயின் காதோடு சேர்த்துச் சுற்றி மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்பார். தண்ணீர் தொட்டியில் விழும் இரைச்சலில் வெடிச்சத்தம் எங்கேயோ செந்தூலில் கேட்பதுபோல ஆகிவிடும்.

"ஓடட்டும்டி. தண்ணி ஓடுனா வெளிய நடக்கிறது நமக்குக் கேக்காது. நாம இங்க இருக்கிறதும் வெளிய கேக்காது."

பயந்தது நாய்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம், தீபாவளிக்குச் சில மாசம் முன்னால், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கைவைத்தியம் பார்த்தார்கள், கோயில் திருநீறு பூசினார்கள், கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. அது சங்கு ஊதிக்கொண்டு நம் சந்துக்குள் திரும்பியதும் தம்பி வாசலில் நின்று கழுத்தை நீட்டி ஊளையிட்டது. சங்கு நிற்கும்வரை அதுவும் நிறுத்தவில்லை. சில நாளில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அதற்குள்ளாகவே குழாயடியில் பேச்சு முடிந்திருந்தது. நாய் அன்றைக்கே எமனைப் பார்த்துவிட்டதாம். கருமாதிக்கு வந்தவர் சங்கு ஊதியபோது தம்பி மறுபடியும் ஊளையிட்டது. அதோடு அதன் பேர் முழுசாகக் கெட்டது.

நீண்டு இழுத்து ஒலிக்கிற சத்தத்துக்கு நாய் ஊளையிடும், அவ்வளவுதான். இன்றைக்கு என் வீட்டு நாயும் ஆம்புலன்ஸ் போனால் கூடவே பாடுகிறது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஊளை கேட்டது, ஒரு சாவும் விழுந்தது. ரெண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள சாலாக் செலாத்தானிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். என் அத்தை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தன் வீட்டை மருமகளிடம் விட்டுவிட்டு, முட்டிவலியோடு எங்களுக்குச் சமைத்துப்போட வந்த மனுஷி. எனக்குத் தலை பின்னிவிடுவார். மீனில் முள் எடுத்துத் தட்டில் வைப்பார். ஆனால் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது, அதை அவர் மாற்றிக்கொள்ளவே மாட்டார்.

அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று நான் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்டி என்னைத் தூக்கி மடியில் வைக்கப்போனார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. அழுவுற புள்ளயத் தூக்கினா இன்னும் அழும். தன்னால நிப்பாட்டிக்கும்."

நானும் நிறுத்திக்கொண்டேன். அத்தை சொன்னது பலித்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அதற்குப் பிறகு அவர் என் தலையில்கூடக் கை வைக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைப் பார்ப்பார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தொட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்திருப்பார். தொடாததால் எனக்கு என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

நாய்க்கும் அதே சட்டம்தான். இடி இடித்து அது நடுங்கினால் நான் கிட்டே போகக்கூடாது. "பயப்படுற நாயத் தடவினா இன்னும் பயப்படும். தள்ளி வா." அதனால் தம்பி அலமாரிக்கு அடியில் நடுங்கும், நான் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவின் சேலைகளைக் கருமாதிக்குப் பிறகு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சீப்பு, வளையல், பவுடர் டப்பாகூட மிச்சமில்லை. யார் கண்ணிலும் படாமல் தப்பியது ஒன்றே ஒன்று. நைந்துபோன பச்சைக் கட்டம் போட்ட சேலையை அம்மா தம்பி படுக்க விரித்திருந்தார். அது நாயின் துணி, ஆகையால் யாரும் அதை அம்மாவின் சேலையாக எண்ணவில்லை. அத்தை மதியத்தில் கண் அசரும்போது நான் பின்கட்டுக்குப் போய் அதில் முகத்தை வைத்துப் படுப்பேன். நாய் வாசனைக்கு அடியில் அம்மா வாசனை இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கியது. பக்கத்து வீட்டு ஆன்டியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். ஆன்டி வேலியோரம் வந்து அத்தையிடம் பேசினார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. வெடி போட்டா இந்த நாய் ஊளையிடும். நல்ல நாளும் அதுவுமா, அதுவும் சாவு நடந்த வீட்டு நாய்."

"எனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு ஒரே ஒரு தடவ ஊளையிடட்டும். மறுநாளே தேங்காய் லோரியில ஏத்தி கிள்ளான் தோட்டத்துக்கு அனுப்பிடறேன். தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

அத்தை தம்பி என்றது என் அப்பாவை. அப்பா சரி என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தம்பி ஊளையிடக்கூடாது. கோயிலுக்குக் கூட்டிப்போனால் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

துக்க வருஷத்தில் தீபாவளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் அதை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ச்சட்டி ஏறாது, கோலம் கிடையாது, புதுச்சட்டை கிடையாது. அக்கம்பக்கத்தார் தட்டில் முறுக்கும் நெய் உருண்டையும் வைத்துத் துணி மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற வருஷமென்றால் தட்டைத் திருப்பும்போது கொஞ்சம் சீனியாவது போட்டு அனுப்புவோம். அந்த வருஷம் வெறும் தட்டுத்தான் போனது. அப்பாவோ, "நமக்குத்தான் தீபாவளி இல்லியே" என்று சொல்லி, கூட வேலை செய்பவர்களுக்கு லீவு விட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்காக நம் வரிசையில் அவரை ரொம்ப நாள் மெச்சிக்கொண்டார்கள். நல்ல மனசு என்றார்கள். அந்த நல்ல மனசில் கொஞ்சம் வீட்டிலும் இருந்திருக்கலாம்.

நீங்கள் புதுச்சட்டையோடு எங்கள் வேலியைத் தாண்டி ஓடினீர்கள். யாரும் உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், உங்கள் மேல் குற்றமில்லை.

பொழுது சாயும்போது ஆரம்பித்தது. முதலில் சந்து முனையில் ஒரு சரம், பிறகு பின்வரிசையில், பிறகு எல்லாப் பக்கமும். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அத்தை தலைவலித் தைலத்தைப் பூசிக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தார். தம்பி அலமாரிக்கு அடியில் மூச்சிரைக்க நடுங்கிக்கொண்டிருந்தது, எச்சில் தரையில் வழிந்து கிடந்தது. நான் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து அதைக் கூப்பிட்டேன். அம்மாவிடம் வருவதுபோலவே வந்தது.

"எங்கடி போற?"

"துணி தொவைக்கப் போறேன் அத்தை."

தாழ்ப்பாளைப் போட்டேன். குழாயைத் திறந்தேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தம்பியைக் கால்களுக்கு நடுவே வைத்து, சேலையைக் காதோடு சேர்த்துச் சுற்றினேன். சட்டத்தை மீறித் தடவிக் கொடுத்தேன். அதன் நெஞ்சு என் தொடையில் படபடவென்று அடித்தது. மெல்ல மெல்ல அடங்கியது. தாடையை என் முட்டியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது குழாய் மெலிந்தது. அன்றைக்கு நம் வரிசை முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்து, விருந்தாளிக்குச் சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. தண்ணீர் நூலாக ஆகி, சொட்டாகி, நின்றே போனது.

எல்லாம் கேட்டது. வெடிச்சத்தம் எனக்குப் பெரிசாகப் படவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி தன் சின்ன மகளைக் கூப்பிட்டதுதான் கேட்டது. "கையச் சுட்டுக்காத கண்ணு, வா, வந்து சாப்பிட்டுட்டு வெளாடு." அவ்வளவுதான் சொன்னார். தினமும் அவர் சொல்வதுதான்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவைக் கொண்டுபோன நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரே இழுப்பாக வந்தது. தம்பி பயந்து ஓடவில்லை. என் கையை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு முனகல்கூட அதனிடமிருந்து வரவில்லை. அதை நான் இன்றைக்கும் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

வேலியோரத்திலிருந்து குரல் வந்தது. "கேட்டுச்சாக்கா? நான் சொன்னேன்ல? ஊளையிட்டுடுச்சு பாருங்க."

அத்தை கதவைத் தட்டினார். திறந்தேன்.

"தம்பி இல்ல அத்தை. நான்தான்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நனைந்திருந்தது. பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"தண்ணிய மூஞ்சில அடிச்சுகிட்டு வந்து பொய் சொல்ற. நாய்க்காவ இம்புட்டு நடிப்பு."

"நெசமாத்தான் அத்தை."

"நீ அழுது மாசக் கணக்காச்சு. எனக்குத் தெரியாதா ஒன்னைய?"

அவர் சொன்னதும் உண்மைதானே.

மறுநாள் காலையில் அப்பா வேலை முடிந்து வந்தார். அத்தை சொல்வதைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். நான் அவரிடமும் சொன்னேன். "நான்தான்ப்பா ஊளையிட்டேன்." அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், தரையைப் பார்த்தார். தேங்காய் லோரி சந்து முனையில் ஹாரன் அடித்தது. அப்பாவே கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போனார். போகும்போது பின்கட்டிலிருந்து பச்சைச் சேலையையும் எடுத்துக்கொண்டார். "பழகுன துணி இருந்தாத்தான் புது எடத்துல படுக்கும்" என்று அத்தையிடம் சொன்னார். நாய்க்கு அது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பி லோரியில் ஏறாமல் அடம்பிடிக்கும் என்று நினைத்தேன். அப்பா தூக்கி முன்சீட்டில் வைத்ததும் பேசாமல் உட்கார்ந்துகொண்டது. ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்திருக்கும். சாயங்காலம் அப்பா மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தார். சாப்பிட்டார், படுத்தார்.

உங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: ஊளையிட்ட நாயைக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வருஷம்கூட நம்மில் ஒருவர் குழுவில், 'உங்க நாய் தீபாவளிக்குப் போட்ட ஊளை இன்னும் காதுல இருக்கு' என்று எழுதி, சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். உங்கள் காதில் இருப்பது நான்தான்.

பிறகு எனக்குக் கல்யாணமானது கிள்ளானில். வந்த புதிதில் காய் வாங்கப் பாசாருக்குப் போகும்போதெல்லாம் காது கிழிந்த பழுப்பு நாய் ஏதாவது படுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். நாய்க்கு அத்தனை ஆயுசு கிடையாது என்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பார்ப்பேன். என் கணவர் கேட்டால் காய் விலை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

அப்பா கடைசிக்காலத்தில் என்னோடுதான் இருந்தார். ஒரு மத்தியானம் எங்கள் சாலை முனையில் புதுக்கடை திறந்தார்கள். சிங்க ஆட்டம், மேளம், பெரிய சரவெடி. அப்பா நாற்காலியில் சாய்ந்து தேத்தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வெடி ஓய்ந்ததும் சொன்னார்.

"அந்த நாய் லோரியில ஒரு சத்தம் போடல, தெரியுமா?"

"எந்த நாய்ப்பா?"

"ஒங்கம்மா நாய்."

நான் துணி மடிப்பதை நிறுத்தினேன்.

"வழி பூரா வெடி. ஒவ்வொரு ஊருலயும் கம்பத்துலயும் வெடிச்சானுங்க. பயந்து நடுங்குச்சு. ஊளையே விடல. அந்தச் சேலைய அது மேல சுத்தி மடியில வச்சுகிட்டேன். கிள்ளான் வர்ற வரைக்கும் தடவிக்கிட்டே வந்தேன்."

"அப்ப நான் சொன்னது நெசம்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

"பாதி வழியிலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏம்ப்பா திருப்பிக் கொண்டாரல?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொண்டாந்தா, அன்னிக்கு அப்படிக் கத்தினது நீதான்னு ஆயிடும். அத மனசுல வச்சுகிட்டு நான் எப்படிம்மா வேலைக்குப் போறது? நாய்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாயைத் தடவியிருக்கிறார். வழி முழுக்கத் தடவியிருக்கிறார். அந்தக் கைக்குத் தடவத் தெரிந்திருக்கிறது. அந்தக் கைக்காக நான் ஒரு வருஷம் வாசலில் நின்றிருக்கிறேன். கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. அவரும் போய்விட்டார்.

இந்தத் தீபாவளிக்கு மகன் வரவில்லை. டிக்கெட் விலை என்றான், குழந்தைக்குச் சளி என்றான். முறுக்கு ஒரு டப்பா வாங்கிவைத்தேன், திறக்க ஆள் இல்லை. பொழுது சாய்ந்ததும் எங்கள் வரிசையில் வெடிக்க ஆரம்பித்தார்கள். நாய் சலவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்தேன், அதுவாகவே வந்துவிட்டது. இரும்பு வாளிக்கு நான் எங்கே போக, பிளாஸ்டிக் முக்காலிதான். என் சேலைத் தலைப்பை அதன் காதில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஹேப்பி தீபாவளிம்மா. என்னாம்மா சத்தம், மழையா?"

"இல்லடா. துணி தொவைக்கிறேன்."

"தீபாவளி அன்னிக்கா? விடுங்கம்மா, நாளைக்குச் செய்யலாம்ல. நாய் என்னா செய்யுது?"

"நல்லா இருக்கு. நடுங்கல."

"நீங்க?"

"எனக்கென்னா? நல்லா இருக்கேன்."

போனை வைத்தேன். ஆகவே குழுவில் வந்த செய்தியின் அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். தடவிக் கொடுங்கள். நாயோ பிள்ளையோ, பயந்தவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் கூடிவிடாது.

நாய் என் முட்டியில் தாடையை வைத்தபடி தூங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே பட்டாசும் ஓய்ந்துவிட்டது. நான் குழாயை மூடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.